மின்ட் போட்டதுக்கு அப்புறம் வைஃபையே காணோம், டிரைவர் போட்டும் வரல

தாமிரபரணி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட பழைய லேப்டாப், கடைக் கணக்கு முழுக்க அதுலதான் இருக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 11 இந்த மெஷின்ல ஏறாதுன்னு காட்டிடுச்சு, அதனால டேலி கணக்கு சாஃப்ட்வேருக்காக விண்டோஸை அப்படியே விட்டுட்டு பக்கத்துலயே லினக்ஸ் மின்ட் 22 போட்டு டூயல் பூட் பண்ணிருக்கேன். இன்ஸ்டால் சுத்தமா முடிஞ்சுது. ஆனா கீழ நெட்வொர்க் ஐகானை தட்டினா வைஃபைங்கற பேச்சே இல்ல, அக்கம்பக்கத்து சிக்னல்கூட ஒண்ணும் வரல. விண்டோஸ்ல போனா அதே வைஃபை நல்லா ஓடுது, அதனால கார்டு போகல. ரவுட்டர் மாடில இருக்கு, லேன் கேபிள் எட்டாது. போன்ல யூஎஸ்பி டெதரிங் போட்டு நெட் எடுத்து, டிரைவர் மேனேஜர்ல காட்டின பிராட்காம் (வைஃபை கார்டு கம்பெனி) டிரைவரை போட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணேன், அப்பவும் வரல. ரெண்டு ராத்திரி போச்சு. அப்பா தினமும் மெயில் பாக்கணும், தெரிஞ்சவங்க உதவுங்க ப்ளீஸ்.

பழைய மதர்போர்ட்:
தம்பி, மறுபடி ஃபார்மேட் மட்டும் பண்ணிடாதீங்க, எத்தனை தடவை போட்டாலும் இதே இடத்துலதான் வந்து நிக்கும். டெதரிங் யோசிச்சீங்க பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது. இப்ப டெர்மினல்ல நாலு விஷயம் பார்த்து சொல்லுங்க. மெஷின்ல என்னென்ன கார்டு இருக்குன்னு காட்டற எல்எஸ்பிசிஐ -என்என்கே அடிச்சு அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற பகுதி. ஆர்எஃப்கில் லிஸ்ட் அடிச்சா பிளாக்டுக்கு நேரா எஸ்ஸா நோவா, ஏரோபிளேன் மோட் கீ தெரியாம அமுங்கிருந்தாலும் இப்படி ஆகும். அப்புறம் சூடோ (அட்மின் உரிமை) போட்டு மாட்புரோப் டபிள்யூஎல், டபிள்யூஎல்ங்கறது நீங்க போட்ட பிராட்காம் டிரைவர், அதை கையால ஏத்தற கமாண்டு இது, அது என்ன திட்டுதுன்னு எழுத்து மாறாம போடுங்க, அதுலதான் விஷயமே இருக்கு. கடைசியா மோக்யுடில் கமாண்டோட ரெண்டு சின்னக் கோடு (--) போட்டு எஸ்பி-ஸ்டேட், நம்பகமான கையெழுத்து இல்லாததை பூட்ல தடுக்கற செக்யூர் பூட் ஆன்ல இருக்கான்னு அது சொல்லும்.

தாமிரபரணி:
அண்ணா பார்த்துட்டேன். கார்டு பிராட்காம் பிசிஎம்43142, பக்கத்துல 14ஈ4:4365னு ஒரு நம்பர். கெர்னல் மாட்யூல்ஸ்னு ஒரு வரில பிசிஎம்ஏ, டபிள்யூஎல் ரெண்டும் இருக்கு, ஆனா டிரைவர் இன் யூஸ்னு ஒரு வரி மத்ததுக்கெல்லாம் இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. ஆர்எஃப்கில்ல வைஃபையே வரல, புளூடூத் மட்டும் இருக்கு. மாட்புரோப் அடிச்சா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வருது. கடைசி கமாண்டுக்கு செக்யூர்பூட் எனேபிள்டு.

கீபோர்டு காதலன்:
செக்யூர் பூட்தான் பிரச்சனை. பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) போய் அதை டிசேபிள் பண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை, என் லேப்டாப்ல அப்படித்தான் சரியாச்சு.

பழைய மதர்போர்ட்:
அவர் சொல்றதுலயும் வேலை ஆகும். ஆனா விண்டோஸ் பக்கம் டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, செக்யூர் பூட்டை மாத்தினதும் அடுத்த தடவை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், கையில அந்த கீ இல்லைன்னா கடைக் கணக்கு உள்ள மாட்டிக்கும். அப்பாவோட மெஷின், அந்த ரிஸ்க் வேண்டாம்.

உங்க மெஷின்ல நடந்தது என்னன்னா, டிரைவர் சரியாவே ஏறிருச்சு. இந்த டபிள்யூஎல் டிரைவர் கெர்னலோட, அதாவது லினக்ஸோட மையப் பகுதியோட, சேர்ந்து வராது, உங்க மெஷின்லயே டிகேஎம்எஸ்ங்கற டூல் அதை கம்பைல் பண்ணி ஒரு கீயால கையெழுத்தும் போட்டுடும். அந்தக் கீயை இவன் நம்ம ஆளுதான்னு நீங்க ஒரு தடவை ஒத்துக்கிட்டாதான் கெர்னல் உள்ள விடும், அந்த ஒப்புதல் நடக்கல. டிரைவர் போடும்போது பாஸ்வேர்டு ஒண்ணு வைக்க சொல்லுச்சா? அப்புறம் ரீஸ்டார்ட்ல நீலக் கலர் ஸ்கிரீன் வந்துச்சா?

தாமிரபரணி:
ஆமா அண்ணா வந்துச்சு! பாஸ்வேர்டும் வச்சேன். நீலமா வந்து ஏதாவது கீ அமுக்குன்னு 10 செகண்ட் எண்ணிட்டு இருந்துச்சு, ஒரு கீயை தட்டினா மெனு வந்துச்சு, முதல்ல கன்டினியூ பூட்னு இருந்துச்சு, எதையாவது மாத்தி விண்டோஸ் போயிடுமோன்னு பயந்து அதையே கொடுத்துட்டேன்.

பழைய மதர்போர்ட்:
அங்கதான் விட்டுருக்கீங்க. கன்டினியூ பூட் கொடுத்தா கீயை ஒத்துக்கச் சொல்ற அந்த கோரிக்கையே அழிஞ்சுடும், எத்தனை ரீஸ்டார்ட் பண்ணாலும் திரும்ப அந்த ஸ்கிரீன் வராது, நாமளேதான் கேக்கணும். சூடோ மோக்யுடில், ரெண்டு கோடு இம்போர்ட், அப்புறம் வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் ஃபோல்டருக்குள்ள பெரிய எழுத்துல மோக், புள்ளி, சின்ன எழுத்துல டெர்னு இருக்கற ஃபைலோட முழு பாதை. ஒரு பாஸ்வேர்டு ரெண்டு தடவை கேக்கும், ஒரே ஒரு தடவைக்குத்தான் தேவை, 8 எழுத்துக்கு மேல சாதாரணமா வைங்க, சிறப்புக் குறி எதுவும் வேண்டாம், ஏன்னா அந்த நீல ஸ்கிரீன் அமெரிக்க கீபோர்டு லேஅவுட்டைத்தான் எடுத்துக்கும். ரீஸ்டார்ட் பண்ணி 10 செகண்டுக்குள்ள ஒரு கீ தட்டுங்க. என்ரோல் மோக் (அந்தக் கீயை ஒத்துக்கறது), கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட்னு வரிசையா போங்க. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஸ்கிரீன்ல எழுத்து தெரியாது, நம்பி அடிங்க. விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாது.

தாமிரபரணி:
அண்ணா வந்துருச்சு!! ரீபூட் ஆகி உள்ள நுழைஞ்சதும் தெருவுல இருக்க எல்லா வைஃபையும் வரிசையா நிக்குது, எங்க வீட்டுது மூணாவது. விண்டோஸையும் திறந்து பார்த்தேன், டேலி ஓடுது. ரொம்ப ரொம்ப நன்றி. ஒரே சந்தேகம், அப்டேட்ல புது கெர்னல் வந்தா திரும்ப இதெல்லாம் பண்ணணுமா? எங்க ரவுட்டர்ல ரெண்டு வைஃபை பேர் வரும், 5ஜினு முடியறது மட்டும் இங்க வரல.

கருப்பட்டி:
5ஜினு முடியறது 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல், அந்த கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும், விண்டோஸ்லயும் அந்தப் பேர் வந்திருக்காது, கவலைப்படாதீங்க.

பழைய மதர்போர்ட்:
கெர்னல் மாறினா டிகேஎம்எஸ் தானா திரும்ப கம்பைல் பண்ணி அதே கீயால கையெழுத்து போட்டுக்கும், கீ ஏற்கனவே ஏறிருச்சு, அதனால நீலத் திரை வேலை திரும்ப வேண்டாம். எப்பவாவது புது கெர்னல்ல கம்பைல் ஆகாம போனா, பூட் ஆகும்போது மின்ட்டா விண்டோஸான்னு கேக்கற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னலை எடுங்க, வைஃபை அதுல இருக்கும். அப்படி ஆனா இங்கயே வந்து எழுதுங்க, பார்த்துக்கலாம்.