வாட்ஸ்அப் குழு: அத்தை–மாமா கல்யாண நாள் 40 (அவர்கள் இருவரையும் சேர்க்காதீர்கள்)

குட்டி: வீடியோ ரெடி. 46 படம், 3 நிமிடம் 50 விநாடி. பின்னணியில் மாமாவின் 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' 👇

சித்தி: சூப்பர்டா

பெரியப்பா: குட்டி, இது மாமா பாட்டு இல்லை.

குட்டி: அதேதான் பெரியப்பா

பெரியப்பா: நீ போட்டிருப்பது மைக்கேல் போல்டன், 1991. மாமா கேட்பது பெர்சி ஸ்லெட்ஜ், 1966. அலபாமாவில் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவர். ஆர்கன் மெல்ல ஆரம்பிக்கும், முதல் சொல்லிலேயே தொண்டை அடைக்கும். கடைசியில் ஊதுகிற வாத்தியமெல்லாம் சுருதி கொஞ்சம் விலகியிருக்கும், அதுவே அழகு. போல்டன் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டார். எடுத்த எடுப்பிலேயே கத்தினால் அப்புறம் எங்கே ஏறுவது?

மதுரை அண்ணன்: அதுவும் அமெரிக்காவில் நம்பர் ஒன். கிராமி வேறு

பெரியப்பா: இருக்கட்டும். ஓடிஸ் ரெட்டிங்கின் 'டாக் ஆஃப் தி பே'யையும் இவர் விட்டுவைக்கவில்லை. ரெட்டிங் அதைப் பாடிப் பதிந்த சில நாளில், 1967 டிசம்பரில், விமான விபத்தில் போய்விட்டார். முடிவில் சும்மா சீட்டி அடிப்பார். அதை யார் திரும்ப அடிக்க முடியும்? மறுபடி பாடவே கூடாது என்று சொல்லவில்லை. ரெட்டிங்கின் 'ரெஸ்பெக்ட்'டை அரீத்தா ஃபிராங்க்ளின் பாடி, அது அவர் பாட்டாகவே

பெரியப்பா: ஆகிவிட்டது. கை பட்டுவிட்டது.

சித்தி: மட்டனா சிக்கனா? இன்று சொல்ல வேண்டும்

அம்மா: அத்தை ஞாயிறு சாப்பிடுவாளா?

குட்டி: பழைய பாட்டு ஒரு நிமிடம் குறைவு. 12 படம் எடுக்க வேண்டும். கொடைக்கானல் டூர்?

சித்தி: அதில்தான் நாங்கள் இருக்கிறோம். பத்திரிகையில் பெயரை விட்டது போதாதா

அம்மா: அது அச்சகத்துத் தவறு. எத்தனை தரம் சொல்வது

மதுரை அண்ணன்: ஆரம்பிச்சாச்சு 🍿

பெரியப்பா: படங்களை வேகமாக ஓட்டு.

குட்டி: ஒன்றுக்கு 3.7 விநாடி. மாமா கண்ணாடி தேடுவதற்குள் முடிந்துவிடும்

மதுரை அண்ணன்: பாட்டை ரெண்டு தரம் போடு

பெரியப்பா: கூடாது.

பெரியப்பா: மாப்பிள்ளையின் கேசட் என் டெக்கில் சிக்கி, பேனாவை விட்டுச் சுற்றி எடுத்தோம். 'லவ்ஸ்' என்ற இடத்தில் ஓர் இழுவை விழுந்துவிட்டது. இன்றைக்கும் குளிக்கும்போது பாடினால் அங்கே இழுப்பார்.

குட்டி: அந்தக் கேசட் இருக்கிறதா?

பெரியப்பா: பரணில் பார்க்கிறேன்.

பெரியம்மா: பரணில் ஏற வேண்டாம். முதுகு.

சித்தி: சிக்கன் சொல்லிவிட்டேன். கொடைக்கானல் இருக்கும்தானே?