புதுப்பிப்பு: சாம்ப்ளரில் கேட்ட கீச்சொலி தீர்ந்தது

என் சாம்ப்ளரில் (ஒலித் துணுக்குகளைப் பதிந்து இசைக்கும் கருவி) வந்த கீச்சொலியைப் போக்க யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: சாம்ப்ளருக்கு மின்சாரம் லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து, ஆடியோவும் அதே லேப்டாப்பின் இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் வாங்கும் பெட்டி). பீட்டை நிறுத்தினாலும் மெல்லிய கீச்சொலி.

சாம்ப்ளரை பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னதுதான் பலித்தது. யுஎஸ்பி கேபிளைக் கழற்றியதுமே சத்தம் போய்விட்டது. ஆக, கிரவுண்ட் லூப்: யுஎஸ்பி, ஆடியோ இரண்டு கேபிள்களின் கிரவுண்ட் கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதன் வழியே சத்தம் நுழைவது. ஆடியோ கேபிளை மாற்றியதும் ஃபெரைட் வளையமும் (இரைச்சலைக் குறைக்கக் கேபிளில் மாட்டுவது) வீண். இப்போது தனி 5 வோல்ட் அடாப்டர். டெம்போ ஒத்திசைவுக்கு 5 பின் மிடி கேபிள் (இசைக்கருவிகளுக்கிடையே கட்டளைகளை அனுப்புவது). மிடி உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) இருப்பதால் அந்த வழியில் கிரவுண்ட் சேராது.

எதிர்பாராதது ஒன்று: ஆடியோ லைனில் மலிவான ஐசொலேட்டர் (டிரான்ஸ்ஃபார்மர் மூலம் இரு பக்க கிரவுண்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) மாட்டினாலும் கீச்சொலி நிற்கிறது, ஆனால் கிக் டிரம் இளைத்துவிடுகிறது. அதிலுள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் கோர் (காந்த உள்ளகம்) தாழ்ந்த அதிர்வெண்ணில் சீக்கிரம் செறிவடைந்துவிடும், அதாவது அதன் காந்தத் தாங்குதிறன் எல்லையைத் தொட்டுவிடும். உயர் அதிர்வெண் ஒலியான ஹை-ஹாட்டை மட்டும் கேட்டுச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.