வெள்ளீய அயனியில ஜி ஃபேக்டர் 2க்குக் கீழ போறது எப்படிங்க?

மீனாட்சிபுரம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பாலக்காட்டுப் பக்கம் எம்எஸ்சி ஃபிசிக்ஸ் படிக்கிறேன், கிளாஸ் பூரா மலையாளமும் இங்கிலீஷும்தான், தமிழ்ல ஒருக்கா கேட்டா மனசுல நிக்கும்னு இங்க வந்தேன். எலக்ட்ரானோட ஸ்பின்னுக்கு (தன்னத்தானே சுத்துற மாதிரி ஒரு குணம்) எவ்வளவு காந்தம் இருக்குன்னு சொல்ற எண்ணுதான் ஜி ஃபேக்டர். தனி எலக்ட்ரானுக்கு அது டிராக்ங்கற விஞ்ஞானியோட கணக்குப்படி 2, அதுக்கு மேல வர்ற 0.0023 கியூஈடியால (எலக்ட்ரானும் ஒளியும் எப்படி ஒன்னோட ஒன்னு பழகுதுன்னு சொல்ற குவாண்டம் கோட்பாடு) வருது, அதுவரைக்கும் புரிஞ்சுதுங்க. ஆனா வெள்ளீய அணுவுல 49 எலக்ட்ரானை உருவிட்டு ஒன்னே ஒன்ன மட்டும் விட்டு வெச்சு ஜெர்மனியில ஹைடல்பர்க்ல அளந்திருக்காங்க, 2023ல வந்துச்சு, ஜி 1.9106 தான். கியூஈடி கூட்டத்தானே செய்யுது, அப்புறம் எப்படிங்க குறைஞ்சுது? ரெண்டு நாளா இதே நெனப்பு, செமினார் வேற வருது.

ஆனைமலைக்காத்து:
அம்மிணி, குறைக்கிறது வேற, கூட்டுறது வேற, ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் குழப்பிக்காத. குறைக்கிறது ரிலேட்டிவிட்டி. அணுக்கருவுல 50 புரோட்டான் இழுக்குதுல்ல, அதுல மாட்டுன எலக்ட்ரான் ஒளி வேகத்துல 36 சதவீதம் கிட்ட ஓடுது. அந்த நெலமையில ஜி எவ்வளவுன்னு 1928லயே பிரைட்ங்கற விஞ்ஞானி கணக்குப் போட்டுட்டாரு: 1ல இருந்து Z ஆல்ஃபாவோட வர்க்கத்தக் கழிச்சு வர்க்கமூலம் எடு, ரெண்டால பெருக்கி 1 கூட்டு, மூணுல ரெண்டு பங்கு எடு. Zங்கறது புரோட்டான் எண்ணிக்கை, இங்க 50. ஆல்ஃபாங்கறது மின்விசையோட பலத்தச் சொல்ற மாறிலி, கிட்டத்தட்ட 137ல ஒரு பங்கு. நீயே நோட்டுல போட்டுப் பாரு, அப்பத்தான் ஒட்டும்.

மீனாட்சிபுரம்:
போட்டேனுங்க அண்ணா! 1.90808 வந்துச்சு. அதோட தனி எலக்ட்ரானுக்கான 0.00232 கூட்டுனா 1.91040. ஆனா அளந்தது 1.91056ங்க. மூணு தடவ போட்டுட்டேன், 0.00016 இடிக்குது, நான் எங்கயாச்சும் தப்புப் பண்ணிட்டனா?

ஆனைமலைக்காத்து:
தப்பே இல்ல அம்மிணி, நீ தேடி வந்த சரக்கே அந்த 0.00016 தான். 1948ல ஷ்விங்கர்ங்கற விஞ்ஞானி ஆல்ஃபாவ 2π ஆல வகுத்துப் போட்ட கணக்குதான் நீ கூட்டுன 0.00232க்கு அடிப்படை, அது எந்தப் புலமும் இல்லாம சும்மா இருக்குற எலக்ட்ரானுக்கு. இங்க எலக்ட்ரான் ஃபோட்டானை (ஒளித்துகள்) விட்டுட்டு மறுபடி வாங்கிக்கிற அந்த இடைவெளியிலயும் அணுக்கருவோட மின்புலம் அதப் புடிச்சே வெச்சிருக்கு, அதனால திருத்தமே மாறிப்போகுது. அந்த 0.00016ல பெரும்பங்கு இதுதான், பத்துல ஒரு பங்கு கிட்ட அணுக்கருவுக்குன்னு ஒரு பருமன் இருக்குறதால வருது. ஹைட்ரஜன்ல இந்தப் புலம் ரொம்பச் சின்னது, அதனாலதான் மெனக்கெட்டு கனமான அணுவா பாத்து உருவுறாங்க.

வேபிரிட்ஜ்:
அளக்கிற விதத்தையும் செமினார்ல சேத்துக்கோங்க தங்கச்சி. பென்னிங் டிராப்புல, அதாவது மின்புலமும் காந்தப்புலமும் வெச்சு அயனியப் புடிச்சு வெக்கிற பொறியில, ஒத்த அயனி, சுத்தி 4 கெல்வின் குளிர். ஸ்பின் மேலயா கீழயான்னு நேரா பாக்க முடியாது, அதனால காந்தப்புலத்த நடுவுல கொஞ்சம் வளைச்சு விடுறாங்க, ஸ்பின் திரும்புனா அயனி மேலயும் கீழயும் ஆடுற அதிர்வெண் துளியூண்டு மாறும். நான் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் எடை மேடையில வேலை பாக்குறேன், தேங்கா லாரி ஏறி நிக்கும்போது டிரைவர் கேபின்ல இருக்காரா எறங்கிட்டாரான்னு எட்டிப் பாக்க வேண்டாம், நம்பர் சொல்லிரும். அதே மாதிரிதாங்க இது. டிகிரில ஃபிசிக்ஸ்தான் படிச்சேன், அத இன்னும் விட மனசு வரல.

ஆனைமலைக்காத்து:
நேரம் இருந்தா பிஸ்மத் சமாச்சாரத்தையும் சொல்லு. 2017ல டார்ம்ஸ்டாட்ல பிஸ்மத்துல ஒரே ஒரு எலக்ட்ரான் விட்டு ஒருக்கா, மூணு விட்டு ஒருக்கா ஹைபர்ஃபைன் பிளவ (எலக்ட்ரானோட காந்தமும் அணுக்கருவோட காந்தமும் சேர்றதால ஆற்றல் மட்டம் பிரியுறது) அளந்தாங்க, கியூஈடி கணக்கோட ஒத்தே வரல, எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. மறு வருசம் பாத்தா கியூஈடி மேல குத்தமே இல்ல, பிஸ்மத் அணுக்கருவோட காந்தத் திருப்புத்திறன்னு (அதோட காந்தம் எவ்வளவு பலம்னு சொல்ற எண்ணு) அட்டவணையில வருசக்கணக்கா எல்லாரும் நம்பி எடுத்துட்டிருந்த எண்ணுதான் தப்பு, அந்த எண்ண எடுத்தது கரைசல்ல இருக்குற பிஸ்மத்த வெச்சு, அதுக்கு வேதியல் திருத்தம் சரியாப் போடல.

மீனாட்சிபுரம்:
ரொம்ப நன்றிங்க அண்ணா, ரெண்டு பேருக்கும். 1.90808, 1.91040, 1.91056ன்னு அந்த மூணு எண்ணையும் போர்டுல ஒன்னுக்குக் கீழ ஒன்னு எழுதித்தான் ஆரம்பிக்கப் போறேன்.