வடிகட்டியின் மின்மறுப்பு: எல்டிஸ்பைஸ் சொல்வதை நம்பலாமா?

அலைவாசி:
7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டருக்கு, மேல் அதிர்வெண்களைத் தடுக்க, ஐந்து உறுப்புப் பட்டர்வொர்த் (சிற்றலை இல்லாமல் கடத்தும் வகை) வடிகட்டி. வெட்டு அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ், இரு முனையிலும் 50 ஓம். மின்தேக்கிகள் 197, 637, 197 பைக்கோஃபாரட். சுருள்கள் இரண்டும் 1.29 மைக்ரோஹென்றி. சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் உள்ளீட்டு மின்னழுத்தத்தை மூலத்தின் மின்னோட்டத்தால் வகுத்தால், 7 மெகாஹெர்ட்ஸில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) 32 டெசிபல், −165 பாகை என்கிறது. 50 ஓம் எங்கே போயிற்று? இதை நம்பிச் சுருள் சுற்றுவது வீண் வேலை. கட்டி, நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவியில் அளப்பதே வழி.

சுருள்வேல்:
மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது, ஐயா. மூலத்துக்குள் நுழையும் மின்னோட்டத்தையே அது நேர்க்குறியாகக் கொள்ளும். கழித்தல் குறி சேருங்கள், 15 பாகை வரும். அச்சை டெசிபலிலிருந்து நேரியலுக்கு மாற்றுங்கள், 41 ஓம் வரும். அதாவது 39 + ஜே10: முன்னது தடை, ஜேயோடு வருவது எதிர்வினைப்பு (சுருளும் மின்தேக்கியும் தரும் எதிர்ப்பு). 10இல் வெட்டும் பட்டர்வொர்த்துக்கு 7இல் எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம்; முழுப் பொருத்தம் என்றால் 1) 1.4 இருந்தே தீரும். நானோவிஎன்ஏவும் இதைத்தான் காட்டும்.

அலைவாசி:
கணக்கு இருக்கட்டும். டி50-2 என்ற இரும்புத்தூள் வளையத்தில் 16 சுற்றுக்கு 1.25 மைக்ரோஹென்றி. சுற்றுகளை நெருக்கினால் ஏறும், விலக்கினால் இறங்கும். என் விரல் செய்வது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

பற்றாசு:
சுருளின் தடையும் அதற்குத் தெரியாது. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் 1 மில்லிஓம் என்று வைத்துக்கொள்ளும். க்யூ (எதிர்வினைப்பைத் தடையால் வகுத்த எண்) 150 உள்ள இந்தச் சுருளுக்கு 7இல் 0.37 ஓம் கொடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, இழப்பே இல்லை என்று மகிழ்கிறார்கள்.

சுருள்வேல்:
விரல் செய்வதையும் கேட்கலாம்: சுருள் மதிப்பை 10 விழுக்காடு ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆன்டெனா 50 ஓமாக இல்லாமல் 25 ஆகிவிட்டால்? டிரான்ஸ்மிட்டரின் டிரான்சிஸ்டர் பார்ப்பது 32 − ஜே13.5. எதிர்வினைப்பின் குறியே புரண்டுவிடுகிறது!

அலைவாசி:
இரண்டு 50 ஓம் தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் அதையும் அளந்துவிடுவேன்.

சுருள்வேல்:
அளக்கலாம். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில், இரண்டாம் ஒத்திசையில், இந்த வடிகட்டி வெறும் 15 டெசிபல்தான் தடுக்கிறது. அதை அறிய ஈயம் உருக்க வேண்டுமா? அதே ஐந்து உறுப்பில் செபிஷேவ் (சிறு சிற்றலையை ஏற்று, இன்னும் கூர்மையாக வெட்டும் வகை) போடுங்கள்: சிற்றலை 0.01 டெசிபல், எல்லை 7.5 மெகாஹெர்ட்ஸ். 14இல் 21 டெசிபல் கிடைக்கும், 7இல் எஸ்டபிள்யூஆர் 1.1ஐத் தாண்டாது.

அலைவாசி:
செபிஷேவை ஓட்டிப் பார்க்கிறேன். ஆனால் சுருளை முதலில் சுற்றித் தனியே அளந்து, அந்த எண்ணைத்தான் உள்ளே கொடுப்பேன். சூத்திரம் தருவதை அல்ல.