பள்ளிக்கூடத்துக் குழாய்: ஒரு அங்குலமா, இரண்டு அங்குலமா?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலைக்கு வந்த, நாங்கள் வாக்கெடுக்கப்போகும் மதிப்பீட்டைப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கியை 6 மீற்றரிலிருந்து 9 மீற்றருக்கு உயர்த்திவிட்டு, அங்கிருந்து 600 மீற்றர் தூரத்துக்கு ஒரு அங்குலக் குழாய் போடுவதாம். “குழாய் ஒடுங்கினால் அமுக்கம் கூடும்” என்று ஒப்பந்தக்காரர் விளக்கம் வேறு எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு, ஓடும் திரவங்களுக்கு விதி சொன்ன பேர்னூலி நினைவிருப்பார். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், ஓடும் நீரின் உயரம், அமுக்கம், வேகம் மூன்றும் ஒரே கணக்கில் அடங்கும். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆகவேண்டும். ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடுகிறது, அதனால் அமுக்கம் குறைகிறது. சொட்டு நீர்ப்பாசனத்தில் உரம் கலக்கப் பூட்டும் வெஞ்சூரியைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் ஒடுங்கிய இடையில் அமுக்கம் விழுவதால்தான் வாளியில் இருக்கும் உரக்கரைசல் மேலே ஏறுகிறது. ஒப்பந்தக்காரர் சொல்வது சரியென்றால் தண்ணீர் வாளிக்குள் அல்லவா பீய்ச்ச வேண்டும்?

ரப்பர் குழாயின் வாயை விரலால் பொத்தினால் தண்ணீர் வேலி தாண்டிப் பாய்கிறதே என்று அண்ணைமார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விரல் வைத்ததும் ஓட்டம் குறைகிறது. குழாயின் நீளத்தில் உராய்வு தின்னும் அமுக்கமும் குறைகிறது. அப்படி மிஞ்சியது வாயடிக்கு வந்து, கடைசி இடுக்கில் வேகமாக மாறுகிறது. ஆனால் வாளி நிரம்ப முன்னரைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். வாயை ஒடுக்குவது வேறு, 600 மீற்றரையும் ஒடுக்குவது வேறு.

எங்கள் நிலம் தட்டை. முத்தையன்கட்டுக் குளத்தின் துருசால் (மதகால்) வரும் தண்ணீரே வாய்க்காலில் மெல்லத்தான் நகரும். தண்ணீரைத் தள்ளத் தாங்கியின் உயரம் ஒன்றுதான் எங்கள் கைமுதல். விநாடிக்கு அரை லீற்றர் வேண்டுமென்றால், ஒரு அங்குலக் குழாயில் வேகத்துக்குப் போவது வெறும் 5 சென்ரிமீற்றர் உயரம். உராய்வுக்குப் போவது ஏறத்தாழ 30 மீற்றர்! 9 மீற்றர் தாங்கி எந்த மூலைக்கு? உயர்த்துவதால் ஓட்டம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கூடும். இரண்டு அங்குலக் குழாயிலோ அதே அரை லீற்றருக்கு உராய்வு 1 மீற்றர் சொச்சம். விட்டம் இரட்டித்தால் இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகிவிடும். தாங்கியை அப்படியே விட்டு, அந்தப் பணத்தைக் குழாயில் போடுங்கள்.

என் கணக்கை நம்பவும் தேவையில்லை. முன்பள்ளிக்குப் போகும் பழைய ஒரு அங்குலக் குழாயின் முடிவில் இரண்டு திருகுபைப்புகள் உண்டு. ஊரில் நிற்கும் தம்பிமார் ஒன்றில் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டித் திறந்துவிட்டு, அதைப் பக்கத்துப் பாலை மரத்தில் உயர்த்திக் கட்டட்டும். மற்றதை மூடியிருக்கும்போது தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முழுதாகத் திறந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டையும் அளந்து அனுப்பினால் போதும்; இறங்கிய அளவில் பெரும்பகுதி உராய்வு தின்றதுதான். வாக்கெடுப்பை அதுவரை தள்ளிவையுங்கள்.