வாத்தியாரின் 14 பெட்டிகள்: ஊரிலேயே இருக்கட்டுமா, சென்னைக்குப் போகட்டுமா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். ஓவிய வாத்தியார் ஒருவர் ஓய்வு பெற்றபின் 20 வருஷமாக, யாரிடமும் காசு வாங்காமல் ஊர்ச் சரித்திரத்தைச் சேர்த்துவைத்தார். கல்யாணப் பத்திரிகை, 1980, 1992 மகாமக நோட்டீஸ், மூடிப்போன ரைஸ் மில்லின் பேரேடு, ஸ்டுடியோக்காரர் தூக்கிப்போட இருந்த கண்ணாடி நெகட்டிவ் எல்லாம் உண்டு. மார்கழியில் தவறிவிட்டார். சித்திரைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்கிறார் மகன். ஊர்ப் படிப்பகத்தில் ஓர் அறைக்கு வாத்தியார் பெயர் வைத்து, 14 டிரங்குப் பெட்டிகளையும் அங்கே வைக்கலாம் என்பது என் யோசனை.

தரமணிவாசி:
உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் படிப்பகம் ஓட்டுக் கட்டடம். ஐப்பசி மழையில் ஒழுகினால் யார் பொறுப்பு? கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமானார். தனி மனிதராக அவர் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. பக்கங்களைச் சின்னப் படச்சுருளில் (மைக்ரோபிலிம்) படம் எடுத்தார்கள். இன்று அது தரமணியில் இருக்கிறது, ஆராய்ச்சி மாணவர்கள் வந்தபடி இருக்கிறார்கள். அவர் பெயரும் நிலைத்துவிட்டது. வாத்தியாருக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டாமா?

அரசலாற்றங்கரை:
ஐயா, ரோஜா முத்தையா சேர்த்ததில் பெரும்பகுதி அச்சுப் புத்தகம், பத்திரிகை. எந்த ஊரில் இருந்தாலும் படிக்கலாம். வாத்தியார் பெட்டி அப்படியில்லை. ஒரு போட்டோ சொல்கிறேன். மில் வாசலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். பின்பக்கம் வாத்தியார் பென்சிலில் எழுதியிருக்கிறார்: ‘வலமிருந்து மூன்றாவது, பூக்கார ஆச்சியின் அண்ணன்.’ பூக்கார ஆச்சி யார் என்று சென்னையில் யாருக்குத் தெரியும்? ஊரிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.

தரமணிவாசி:
அந்த இரண்டு பேருக்குப் பிறகு? பெட்டி ஊரில் இருந்தால் மட்டும் யாருக்குத் தெரியும்?

பழந்தாள்:
தரமணிவாசி கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சென்னை இல்லை. ஏட்டையும் காகிதத்தையும் பழுதுபார்ப்பதே என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காகிதத்தை இராமபாணப் பூச்சி தின்னப் பல வருஷம் ஆகும். ஒரு முகத்தின் பெயர் ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் ஸ்கேனருக்கு முன்னால் ஒரு நோட்டும், குரல் பதிவு செய்ய ஒரு போனும் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, அந்தப் பெரியவர்களிடம் காட்டி, சொல்வதை அப்படியே பதியுங்கள். எண் இல்லாமல் ஸ்கேன் செய்தால் ஆயிரம் படம் சேரும், எது யாருடையது என்று தெரியாது. வாத்தியார் எந்தப் பெட்டியில் எந்த வரிசையில் வைத்தாரோ, அதைக் கலைக்காதீர்கள். அந்த வரிசையே ஒரு தகவல்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக எடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அப்புறம் பிரிக்க முடியாது. கண்ணாடி நெகட்டிவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனிக் காகித உறையில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

இடம் பற்றி. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கு நிதி தருகிறது. அசல் அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, படி, அதாவது நகல்தான் போகலாம் என்பது அதன் விதி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்த உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைப் பதிவு செய்தது. அந்த முறையே நமக்கும் போதும். அசல் ஊரில், படி இரண்டு மூன்று இடத்தில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. படி இல்லாதவை திரும்ப வரவே இல்லை.

குடமுருட்டி:
அண்ணா, எல்லோரும் படி, படி என்கிறீர்கள். நான் அந்த ஊர்ப் பெண். எங்கள் அத்தையின் கல்யாணம் நின்றபோது மாப்பிள்ளை வீட்டார் எழுதிய கடிதம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. தாத்தா நம்பிக் கொடுத்தது. அத்தை இன்னும் உயிரோடு இருக்கிறார். அது இணையத்தில் வந்தால் வாத்தியாருக்கு மரியாதையா? கல்யாணப் பத்திரிகைகளில் சாதிப் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் இருக்கும். எதையும் வெளியிட நான் சம்மதிக்க மாட்டேன்.

தரமணிவாசி:
இதை நான் யோசிக்கவே இல்லை அம்மா. ஆனால் எதுவும் வெளியே வராது என்றால் ஆராய்ச்சிக்கு என்ன பயன்?

பழந்தாள்:
தங்கை சொல்வது நியாயம். படி எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. எல்லாவற்றையும் படி எடுங்கள். திருவிழா நோட்டீஸ், மில் கணக்கு மாதிரி பொதுவானவை மட்டும் வெளியே போகட்டும். சொந்தக் கடிதங்களை வீட்டாரைக் கேட்காமல் திறக்க வேண்டாம். அத்தையின் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.

குடமுருட்டி:
கொடுத்தால் அத்தை கிழித்துவிடுவார்.

பழந்தாள்:
கிழிக்கட்டும். அது அவர் கடிதம்.

தரமணிவாசி:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூடி முத்திரை வைத்து 50 வருஷம் கழித்துத் திறக்கலாம். கண்ணாடி நெகட்டிவும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றுதான் இன்னும் சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை:
கடிதத்தை அத்தையைக் கேட்டே முடிவு செய்வோம். நெகட்டிவ் பெட்டி இரண்டையும் மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். வாத்தியார் மகனிடம் பேசிவிட்டேன். ஞாயிறு காலை முதல் பெட்டியைத் திறக்கிறோம். நோட்டு வாங்கியாயிற்று. பூக்கார ஆச்சியைத் தெரிந்த அந்த இருவரையும் கூட்டிவர ஒரு ஆட்டோ வேண்டும்.

குடமுருட்டி:
ஆட்டோ நான் ஏற்பாடு செய்கிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார்.