மறு: ‘மைக் ஃபிரைட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வானொலி நிலையங்களைச் சுற்றி நடக்கும் பழைய அமெரிக்கத் திரைப்படங்களைப் பற்றிய கட்டுரைக்காக, ‘மைக் ஃபிரைட்’டுக்கு, அதாவது மைக்கின் முன்னால் நின்றதும் வரும் பயத்துக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அது இவ்வளவு தூரம் இழுக்கும் என்று நினைக்கவில்லை. வந்த பரிந்துரைகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> ‘அவையச்சம்’ என்றே போடலாமே. வள்ளுவரே அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

அருமையான சொல்தான் ஐயா. ஆனால் இங்கே அவையே கிடையாது! அந்தக் கால நிலையத்தில் பாட வந்தவருக்கு எதிரே இருந்தது நாலு சுவரும் ஒரு மைக்கும்தான். ஆளில்லாததே பலரை உதற வைத்தது. எட் வின் என்ற நகைச்சுவை நடிகர் பிராட்வே மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். 1922இல் நியூவர்க்கில் இருந்த டபிள்யூ.ஜே.இசட். நிலையத்துக்குத் தன் மேடை நிகழ்ச்சியை ஒலிபரப்பப் போனார். ஜோக் சொன்னார், சிரிப்பு வரவில்லை. இன்னொன்று சொன்னார், அதற்கும் இல்லை. மனுஷன் ஆடிப்போய்விட்டார். அப்புறம் துப்புரவு வேலை செய்பவர்கள், டெலிபோன் ஆபரேட்டர்கள் என்று கட்டடத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவரும் பழைய எட் வின் ஆனார். அவையைக் கண்டதும் தெளிந்த பயத்துக்கு அவையச்சம் என்று பெயர் வைத்தால், நோயின் பெயரை மருந்துப் புட்டியில் ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

> மேடைக்கூச்சம் இருக்கிறது. ‘மைக் கூச்சம்’ போதும்.

கூச்சம் என்றால் தலையைக் குனிந்துகொண்டு நெளிவது. ‘வேக் அப் அண்ட் லிவ்’ (1937) படத்தின் நாயகனுக்கு வருவது அது இல்லை. ஜாக் ஹேலி நடித்த பாத்திரம். நல்ல குரல், ஆனால் மைக்கின் முன்னால் நின்றால் ஆள் காலி. பாட்டை விட்டுவிட்டு ஒரு வானொலி நிலையத்திலேயே சின்ன வேலைக்குச் சேர்கிறான். ஒரு நாள் பென் பெர்னியின் இசைக்குழு ஒலிபரப்பில் இருக்கும்போது, வேலை செய்யாத மைக் என்று நினைத்து ஒன்றின் முன்னால் நின்று தன்பாட்டுக்குப் பாடுகிறான். அந்த மைக் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஊரெல்லாம் கேட்டுவிட்டு யார் இந்த மாயப் பாடகன் என்று தேட ஆரம்பிக்கிறது. படத்தின் மொத்தச் சிரிப்பும் இந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. (பெர்னியும் பத்திரிகையாளர் வால்டர் வின்செலும் வானொலியில் வேடிக்கைக்காகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள், படத்திலும் தாங்களாகவே வந்து அதையே தொடர்கிறார்கள். அந்தக் கிண்டல்களில் பாதி இன்றைக்குப் புரியாது, அது வேறு விஷயம்.)

பயம் உண்மையில் கேட்பவர்களை நினைத்துத்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் விளக்குக் குடையை என்ன செய்வது? வானொலியின் தொடக்க காலத்தில் சில நிலையங்களில், வந்தவர்கள் பயப்படக் கூடாது என்று மைக்கின் மேல் விளக்குக் குடையைக் கவிழ்த்து வைத்தார்கள். பாடுபவர் ஏதோ வீட்டுக் கூடத்தில் விளக்கின் முன்னால் நின்று பாடுகிற பாவனை. கேட்பவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. மறைத்தது மைக்கை மட்டும்தான்.

ஆகவே என் பரிந்துரை: மைக் மிரட்சி.

மிரள்வதற்குக் கூட்டம் வேண்டாம். ஒரு பொருள் கண்ணில் பட்டாலே போதும். மாடு குடையைக் கண்டு மிரளும், குழந்தை ஊசியைக் கண்டு மிரளும். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: ‘மைக்கைப் பார்த்ததும் மிரண்டுவிட்டான்’, ‘மிரட்சி தெளிந்தது’. கலைச்சொல் என்று உருவாக்கிவிட்டு அதை வினையாக்க முடியாமல் ‘உற்றான்’, ‘எய்தினான்’ என்று இழுத்துக்கொண்டு போகும் சங்கடம் இதில் இல்லை.

> ‘மைக்’ எதற்கு? ‘ஒலிவாங்கி’ இருக்கிறதே.

இருக்கிறது. இலங்கைத் தமிழர் அதை இயல்பாகவே எழுதுகிறார்கள். கட்டுரையில் ‘ஒலிவாங்கி மிரட்சி’ என்று போட எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாத்திரம் பேசும் வசனத்தில், சப்டைட்டிலில், ‘மைக்’தான் சரி. ஓடுகிற நகைச்சுவையில் பார்ப்பவர் கண் ஒரு சொல்லில் தடுக்கினால் சிரிப்பு போய்விடும். ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து யாரும் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதாதீர்கள், அது வேறு சாமான்.

இந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைக்குக்கு மிரளும் ஹேலியின் பாட்டுகளை உண்மையில் பாடியவர் பட்டி கிளார்க். அதற்கு நாம் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. ‘பின்னணிப் பாடகர்’ என்றால் நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும்.

எல்லா வானொலிப் படங்களுக்கும் இந்தச் சொல் தேவைப்படாது. ‘த பிக் பிராட்காஸ்ட்’ (1932) படத்தில் பிங் கிராஸ்பி வானொலிப் பாடகராக வருகிறார். அவருக்கு மைக்கைக் கண்டு மிரட்சி இல்லை. நேரத்துக்கு நிலையத்துக்கு வரும் பழக்கம்தான் இல்லை. ஆனால் அவரால் அடுத்த சிக்கல் வருகிறது: ‘க்ரூனர்’. மைக்கை ஒட்டி நின்று, காதோடு பேசுவதுபோல் அடங்கிய குரலில் பாடுபவர். மைக் இல்லாவிட்டால் அந்தக் குரல் மூன்றாவது வரிசைக்குப் போகாது. ‘மென்குரல் பாடகர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் மைக்கே இல்லையே என்பதுதான் என் தயக்கம். அதைத் தனி இழையில் பேசுவோம். மிரட்சிக்கு மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.